ஊசி போட்டாச்சு, மாஸ்க்கை என்ன செய்வது?

"அதான் ஊசி போட்டாச்சே லா, இன்னும் எதுக்கு மாஸ்க்கு?"

கோலாலம்பூரில் இந்தக் கேள்வி சூடுபிடித்தது 2021 அக்டோபரில். அந்த மாதம் 10ஆம் தேதி, நாட்டின் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் கோவிட் தடுப்பூசியை முழுமையாகப் போட்டு முடித்துவிட்டார்கள் என்று கணக்கு வந்தது. மறுநாளே மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று வழிவிட்டார்கள். மாதக்கணக்கில் பெற்றோர் முகம் பார்க்காதவர்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் காடி எடுத்துக் கிளம்பினார்கள். அதற்கு ஆறரை வாரம் முன்புதான், ஆகஸ்டு 26 அன்று, ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அந்தப் பயம் இன்னும் ஆறவில்லை. ஊசி தந்த தைரியமும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொங்கியது மாஸ்க்.

பிறகு விதி படிப்படியாகத் தளர்ந்தது. 2023 ஜூலை 5 முதல் ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும்கூடப் பொதுமக்களுக்குக் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. கேள்வி மட்டும் ஓயவில்லை. விதி இருந்தவரை அபராதத்துக்குப் பயந்து போட்டோம், யோசிக்க வேண்டிய வேலை இல்லை. இப்போது ஒவ்வொரு வீடும் தானே முடிவெடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் வாராந்திரத் தொற்று 6,796இலிருந்து 12,757ஆக ஒரே வாரத்தில் ஏறியபோது, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பழைய சண்டை அப்படியே திரும்பி வந்தது. அடுத்த பெருந்தொற்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்தச் சண்டையும் கூடவே வரும். ஆகவே கொஞ்சம் நிதானமாக இருக்கும்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

ஊசி போட்டவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மாஸ்க்கை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுவது. இரண்டாவது, பெருந்தொற்று ஓயும்வரை வெளியில் எங்கே போனாலும் போடுவது. மூன்றாவது, இடம் பார்த்துப் போடுவது. நான்காவது, எதிரில் இருப்பது யார் என்று பார்த்துப் போடுவது. நான் எந்தக் கட்சி என்று மறைக்கப்போவதில்லை: மூன்றும் நான்கும் சேர்ந்த ஒரு வழிதான் என் வழி. ஆனால் முதல் இரண்டையும் ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சண்டையில் பாதி, ஊசியும் மாஸ்க்கும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துக்கொள்வதால் வருவது.

கையில் போடும் ஊசி ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் அணுக்களையும் தயார் செய்கிறது. நுரையீரலுக்கு அது நல்ல காவல். மூக்கின் உள்தோலில் அந்தக் காவல் மெல்லியது. ஊசி போட்ட முதல் சில மாதங்களில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நிறைய ஓடுவதால் மூக்குக்கும் கொஞ்சம் பங்கு கிடைக்கிறது. மாதங்கள் போகப்போக அது குறைகிறது. கிருமியும் உருமாறிக்கொண்டே வருகிறது. அப்போது என்ன நடக்கும்? கிருமி மூக்கில் குடியேறும், பெருகும், பேசும்போதும் இருமும்போதும் வெளியே வரும். ஆனால் உள்ளே நுரையீரலுக்கு இறங்கி ஆளைச் சாய்ப்பதற்குள் அடையாளம் தெரிந்த அணுக்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஊசி போட்டவர் இரண்டு நாள் தொண்டை வலி என்று பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். பக்கத்து மேசைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

இதைக் கண் முன் காட்டியது 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊர். விடுமுறைக் கூட்டத்தில் பரவிய தொற்று, அந்த மாநிலத்தவரில் மட்டும் 469 பேருக்கு. அதில் 346 பேர், அதாவது 74 விழுக்காட்டினர், முழுமையாக ஊசி போட்டவர்கள். மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதித்தபோது, ஊசி போட்டவரிடமும் போடாதவரிடமும் கிருமியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தது. ஊசியை எதிர்ப்பவர்கள் இந்த 74ஐப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பெரும்பாலானோர் ஊசி போட்ட ஊரில் தொற்றியவர்களிலும் பெரும்பாலானோர் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்ற எளிய கணக்கை அவர்கள் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை: அந்த 469 பேரில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஐந்து பேர், இறந்தவர் ஒருவரும் இல்லை.

நம் ஊர் டெங்கியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஊசி என்பது நீங்கள் படுத்திருக்கும் கொசுவலை. மாஸ்க் என்பது உங்கள் வீட்டுப் பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. வலைக்குள் படுத்திருக்கிறேன், எனக்கென்ன என்று தட்டை அப்படியே விட்டால், கடிபடுவது அடுத்த வீடு.

ஆக, "எனக்கு ஊசி போட்டாச்சு" என்பது "எனக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில். மாஸ்க் பற்றிய கேள்வியில் பெரும்பங்கு "என் மூச்சை வேறு யார் இழுக்கிறார்கள்?" என்பது. அந்தக் கேள்விக்கு உங்கள் ஊசி அட்டை பாதிப் பதில்தான் சொல்லும்.

கழற்றிப் போடுபவர் பக்கம்

இவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மாஸ்க்குக்கு விலை உண்டு, அதைச் சிலர் மற்றவர்களைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள். காது கேளாதவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டபோது அவர்களுக்கு ஊரே ஊமையாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ழகரம் சொல்லித் தரும் ஆசிரியரைக் கேளுங்கள். நாக்கை எங்கே மடக்குவது என்று வாயைத் திறந்து காட்டாமல் அதைச் சொல்லித் தர முடியுமா? மத்தியான வெயிலில் சாலையோரம் குழி தோண்டுகிறவருக்கு, வியர்வையில் நனைந்த மாஸ்க் மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். குளுகுளு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் புத்தி சொல்ல நமக்குத் தகுதியில்லை.

இன்னொரு வாதமும் உண்டு, அது அரசுகளுக்குப் பிடித்த வாதம்: ஊசி போட்டவருக்கு ஏதாவது சலுகை கொடுத்தால்தானே மற்றவர்கள் போட வருவார்கள்? அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 மே 13 அன்று, முழுமையாக ஊசி போட்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் மாஸ்க் தேவையில்லை என்றது. ஜூலை 27 அன்று, தொற்று அதிகமுள்ள பகுதிகளில் உள்ளரங்குகளில் திரும்பப் போடுங்கள் என்றது. இஸ்ரேல் அதைவிட வேகம். 2021 ஜூன் 15 அன்று உள்ளரங்கு மாஸ்க்கை நீக்கியது. பத்தே நாளில், ஜூன் 25 அன்று, திரும்பக் கொண்டுவந்தது. உலகிலேயே முந்திக்கொண்டு ஊசி போட்ட நாடுகளில் ஒன்று அது.

இரண்டையும் கவிழ்த்தது டெல்டா என்ற உருமாறிய கிருமி. கழற்றுவது தவறு என்பதைவிட, ஊசியை மட்டும் காரணம் காட்டிக் கழற்றியதுதான் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். கிருமி மாறினால் அந்தக் காரணம் ஆட்டம் கண்டுவிடும். ஒருமுறை கழற்றச் சொல்லிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னால், இரண்டாம் தடவை சொல்வதைக் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

மலேசியா சலுகையை வேறு இடத்தில் கொடுத்தது. 2021 ஆகஸ்டில், முழுமையாக ஊசி போட்டவர்கள் மைசெஜாத்ரா செயலியில் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். மாஸ்க் விதியைத் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். மாஸ்க்கோடு கடைக்குள் நுழைந்து, வாசலில் போனைக் காட்டி, மேசைக்கு நடந்துபோகும் பத்தடி தூரம் பத்திரமாகப் போட்டிருந்து, உட்கார்ந்ததும் கழற்றி, ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சத்தமாகப் பேசினோம். எழுந்து கல்லாவுக்குப் போகும்போது மறுபடியும் போட்டுக்கொண்டோம்.

எப்போதும் போடுபவர் பக்கம்

மேலே சொன்ன வேடிக்கை, இரண்டாவது வழியின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது. எங்கும் எப்போதும் போடு என்று சொன்னால், மக்கள் போடுவதுபோல் போடுவார்கள். 2020 ஆகஸ்டு 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான இடங்களிலும் மாஸ்க் கட்டாயம், மீறினால் 1,000 வெள்ளி அபராதம் என்று ஆனபின், தாடையில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மூக்கை வெளியே விட்டு ஒன்று என்று எத்தனை அலங்காரம் பார்த்தோம்! காடிக்குள் தனியாக உட்கார்ந்து மாஸ்க் போட்டு ஓட்டிப் போனவர், கூட்டாளி வீட்டு ஹாலில் கழற்றிவிட்டுக் கட்டிப்பிடித்தார்.

மாஸ்க்கால் பயனே இல்லை என்று சொல்கிறவர்கள் இழுத்துவரும் ஆய்வுகளையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அவை பாதிதான் வருகின்றன. டென்மார்க்கில் 2020இல் சுமார் 6,000 பேரை வைத்து நடந்த சோதனையில், மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும், சொல்லப்படாதவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் தொற்று. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் அது அளந்தது போட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பை மட்டும். அவரைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கிடைத்ததை அளக்கவே இல்லை. நம் கேள்விக்கு வேண்டியதோ அதுதான்.

வங்காளதேசச் சோதனை இன்னும் பெரிது: 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் வைத்துப் பேசவைத்து, போடுகிறவர் விகிதத்தை 13இலிருந்து 42 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள். அறுவைசிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு கூடிய தொற்று ஏறக்குறைய 11 விழுக்காடு குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 35 விழுக்காடு. துணி மாஸ்க்குக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. பாதிப்பேர்கூடப் போடாத ஊரிலேயே கிழவன் கிழவிகளுக்கு இவ்வளவு என்றால், சும்மா ஒதுக்கிவிட முடியாது.

2023 ஜனவரியில், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. மாஸ்க் போட்டும் பெரிய வித்தியாசமில்லை என்று அது சொன்னதாகத் தலைப்புகள் பறந்தன. மார்ச்சில் அதன் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுத்தார்: மாஸ்க் வேலை செய்யாது என்று நாங்கள் சொல்லவில்லை, மாஸ்க் போடச் சொல்லி ஊக்குவிப்பது பரவலைக் குறைக்கிறதா என்பதற்குக் கையிலுள்ள சான்றுகள் உறுதியான பதில் தரவில்லை, அவ்வளவுதான் என்றார். இந்த விளக்கத்தை யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்யவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது. மாஸ்க்குக்குப் பலன் உண்டு. ஆனால் ஊர் முழுக்கக் கடமைக்குப் போடும்போது அந்தப் பலன் மெலிந்துவிடுகிறது. எப்போதும் போடும் கட்சிக்காரர் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழியும் வாரங்களில் சொல்வது சரி. 2021 ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். வருடக்கணக்கில் அப்படியே நீட்ட முடியாது. செலவும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் அறுவைசிகிச்சை மாஸ்க் ஒன்றுக்கு அரசு வைத்த உச்ச விலை 1 வெள்ளி 50 காசு, நவம்பரில் 1 வெள்ளி. ஐந்து பேர் இருக்கிற வீட்டில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்று மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டதையே காயவைத்துத் திரும்பப் போட்ட வீடுகள் எத்தனையோ.

காற்றைப் பாருங்கள்

மூன்றாவது வழிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தான இடம் எது என்று நாம் பழகிவைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. கூட்டம் இருந்தால் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியது அடைபட்ட காற்றுக்கு.

கிருமி பெரிய துளிகளாக மட்டும் வந்தால் ஓரிரு மீட்டரில் கீழே விழுந்துவிடும். ஆனால் பேசும்போதும் பாடும்போதும் வருகிற நுண்துகள்கள் புகைபோல் மிதந்து, மூடிய அறையில் மணிக்கணக்கில் தங்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் என்ற இடத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். நோயுற்றவர்கள், உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் சேர்த்து, 53 பேர். இரண்டு பேர் இறந்தார்கள். வந்தவர்களில் அறிகுறியோடு இருந்தவர் ஒரே ஒருவர். அது ஊசிக்கு முந்தைய காலம்தான், ஆனால் காற்று நடந்துகொள்ளும் விதம் ஊசியால் மாறிவிடாது. கதவைச் சாத்தி, ஏர்கோன் போட்டு நடக்கும் நம் வெள்ளிக்கிழமை பஜனையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏர்கோன் என்றதும் ஒன்று. நம் வீட்டிலும், சிறிய கடையிலும், பல மண்டபங்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்பத் தள்ளுகிறது. வெளியே இருக்கிற பெட்டிக்கும் அறைக்கும் நடுவில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும். சில்லென்று இருப்பதால் சுத்தக் காற்று என்று நினைக்கிறோம். கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்று இயங்கலையில் கிடைக்கிறது. திறந்தவெளியில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு என்ற அளவைக் காட்டும். ஜன்னல் சாத்திய ஏர்கோன் அறையில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் பேசினால் 1,500, 2,000 என்று ஏறிக்கொண்டே போகும். அந்த எண் கூடக்கூட, நீங்கள் இழுப்பது அடுத்தவர் விட்ட மூச்சு என்று அர்த்தம்.

இதை வைத்து நம் ஊரைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 2023 பிப்ரவரி 5 தைப்பூசம், பெருந்தொற்றுக்குப் பிறகு பழையபடி முழு அளவில் நடந்தது. பத்துமலையில் அத்தனை கூட்டமா என்று பயந்து வராதவர்கள் உண்டு. ஆனால் அடிவாரம் திறந்தவெளி, 272 படியும் திறந்தவெளி, மேலே குகைக்கோ வானம் தெரியும் அளவுக்குத் திறப்பு. என் கணக்கில் அன்றைக்கு மாஸ்க் தேவைப்பட்ட இடம் படிக்கட்டைவிட, பத்துமலை வரை நெரித்துக்கொண்டு வந்த கே.டி.எம் கொமுட்டர் ரயில். அப்போதைய விதியும் தற்செயலாக அப்படியே இருந்தது: ரயிலில் கட்டாயம், வெளியில் விருப்பம். பினாங்குத் தண்ணீர்மலைக்கும் இதே கணக்குத்தான். காவடிக்குப் பின்னால் நடப்பவர் மாஸ்க் போட வேண்டாம். அவரைக் கூட்டிவரும் வேனில் ஒன்பது பேர் ஜன்னல் சாத்தி உட்கார்ந்தால் போட வேண்டும்.

ரயில்களிலும் வித்தியாசம் உண்டு. மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து கே.எல்.சி.சிக்கு எல்.ஆர்.டியில் மூன்றே நிறுத்தம். சில நிமிடம்தான், நடுவில் கதவு திறந்து மூடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்தவர் தோளில் மூக்கு இடிக்கும் நெரிசல் என்றால் போட்டுக்கொள்ளலாம், மத்தியானம் காலியாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. வடக்கே போகும் விரைவுப் பேருந்தில் நான்கு மணி நேரம் அடைந்து கிடப்பது வேறு கதை. கூட்டம் குறைவுதான், நேரம் அதிகம்.

நம் அரசின் தளர்வுகளையும் இப்படியே படிக்கலாம். 2022 மே 1 அன்று திறந்தவெளியில் மாஸ்க் விருப்பமாயிற்று. செப்டம்பர் 7 அன்று உள்ளரங்குகளில், பொதுப் போக்குவரத்தும் மருத்துவ நிலையங்களும் நீங்கலாக. மறுவருடம் ஜூலையில் அவையும். ஒவ்வொரு படியிலும் கேட்கப்பட்டது "எங்கே?" என்பது, "ஊசி போட்டாயா?" என்பதல்ல. சிங்கப்பூரும் இதே வரிசையில்தான் போனது: 2022 மார்ச் 29 திறந்தவெளி, ஆகஸ்டு 29 உள்ளரங்கு, 2023 பிப்ரவரி 13 பொதுப் போக்குவரத்து. முகத்தைப் பார்த்தால் ஊசி போட்டவரா என்று தெரியாது, இடத்தைப் பார்த்தால் கூரையும் ஜன்னலும் தெரியும். விதி போடுகிறவருக்கும் அதைக் காக்கிறவருக்கும் இதுதான் சுலபம்.

எதிரில் யார்

இடம் பார்த்துப் போடுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே மண்டபத்தில், ஒரே காற்றில், இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் அவன் பாட்டிக்கும் ஆபத்து ஒன்றல்ல.

நம் சமூகத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகப் பொருந்தும், சொல்லக் கசக்கிறது என்றாலும். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கோவிட் கடுமையாவதற்கு நீரிழிவு ஒரு முக்கியக் காரணி. ஆக, 300 பெரியவர்கள் வந்திருக்கும் ஒரு தமிழ்க் கல்யாணத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிலருக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் ஊசி போட்டாலும் அது சரியாகப் பிடிப்பதில்லை. எல்லாரும் ஊசி போட்டாச்சு என்ற சமாதானம் இவர்களிடம் செல்லாது.

எங்கள் பெரியம்மா டயாலிசிஸ் போகிறவர். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நான் சொன்னேன்: "பெரியம்மா, மண்டபத்துல ஏர்கோனு, ஜன்னலே இல்ல. மாஸ்க்கு போட்டுக்குங்களேன்."

"எனக்கு அதப் போட்டா மூச்சு முட்டுதுப்பா. நடந்தாலே இரைக்குது, அதோட இது வேறயா? நீங்க போட்டுக்குங்க, நான் ஒங்க நடுவுல உக்காந்துக்கிறேன்."

பயப்படுகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளட்டும், மற்றவர்களை ஏன் இழுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மிக அதிகமாகத் தேவைப்படுகிறவருக்குப் பல நேரம் போட முடிவதில்லை. நல்ல உடம்போடு இருக்கிற, ஊசியும் போட்டுக்கொண்ட நமக்குத்தான் அது சுலபம்.

ஆள் பார்த்துப் போடும் வழியில் எனக்கு இரண்டே பிடிவாதம். சளி, தொண்டை வலி, உடம்பு வலி என்று ஏதாவது இருந்தால், எத்தனை ஊசி போட்டிருந்தாலும் வீட்டுக்குள்ளேயே மாஸ்க். சோதித்துப் பார்த்துக் கோவிட் என்று தெரிந்தால் ஐந்து நாள் தனியறை. அடுத்தது, கிளினிக், ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் நிலையம், முதியோர் இல்லம் இவற்றில் நுழைந்தால் எப்போதும். அங்கே மிஸ்ஸி (தாதி) கேட்கும்வரை காத்திருப்பது மரியாதையில்லை.

ஆனால் இந்த வழி மட்டும் போதாது. யாருக்கு என்ன நோய் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. தொற்றியவரும் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவார். அதனால்தான் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த மாஸ்க்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எப்போதாவதுதான் போடப்போகிறோம் என்றால் நல்லதாகப் போடலாம். துணி மாஸ்க்கை விட்டுவிடுங்கள். நீல நிற அறுவைசிகிச்சை மாஸ்க் அடுத்தவருக்குப் பாதுகாப்பு தரும். ஆனால் கன்னத்தோரம் இடைவெளி இருப்பதால் போட்டவருக்குக் குறைவு. என்95, கேஎன்95, கேஎஃப்94 வகைகள் முகத்தோடு ஒட்டி உட்காரும். 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிப்பதால்தான் என்95 என்ற பெயர். பிடிப்பது வெறும் சல்லடை வேலையால் அல்ல. அதன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டமும் துகளை இழுத்துக்கொள்கிறது. ஆகவே சோப்புப் போட்டுத் துவைத்தாலோ ஸ்பிரிட் அடித்தாலோ அது கெட்டுவிடும். காகிதப் பையில் சில நாள் ஆறவிட்டு, மூன்று நான்கை மாற்றி மாற்றிப் போடலாம். நைந்தால், ஈரமானால், பட்டை தளர்ந்தால் வீசிவிடலாம். தாடி இருந்தால் ஒட்டாது. 2015இலும் 2019இலும் புகைமூட்டம் வந்தபோது இதே என்95ஐ வாங்கிவைத்த வீடுகள் நம்மிடம் நிறைய. அந்தப் பழக்கமே கைகொடுக்கும்.

என் முடிவு

தொற்று தணிந்திருக்கும் மாதங்களில், ஊசியைக் காலத்தோடு போட்டுக்கொண்டு, பையில் இரண்டு நல்ல மாஸ்க் வைத்திருப்பேன். திறந்தவெளியில் போடமாட்டேன். மருத்துவ இடங்களிலும் எனக்கு உடம்பு சரியில்லாதபோதும் கட்டாயம் போடுவேன். வாராந்திர எண்ணிக்கை ஏறுகிறது என்று சுகாதார அமைச்சு சொன்னால், ஜன்னல் இல்லாத ஏர்கோன் இடங்கள், நீண்டதூரப் பேருந்து, நெரிசலான ரயில் இவற்றையும் சேர்த்துக்கொள்வேன். பெரியம்மாவைப் பார்க்கப் போவதற்கு முந்தைய மூன்று நான்கு நாள் இன்னும் கொஞ்சம் கவனம். ஊசி எத்தனை போட்டோம், எப்போது போட்டோம் என்பதும் இதில் ஓர் எடைக்கல்தான். கடைசி ஊசி போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தால் சற்றுத் தளர்வு, ஒரு வருடம் தாண்டியிருந்தால் சற்று இறுக்கம்.

இதிலும் ஒரு பொத்தல் மிச்சம்: சாப்பாடு. கல்யாணமோ தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்போ, கடைசியில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். அதற்கு மாஸ்க்கில் பதில் கிடையாது. வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. பந்தலை வாசலிலேயே போட்டு, மேசைகளை வெளியில் வைத்து, இரண்டு ஸ்டாண்டு ஃபேனைச் சுழலவிட்டால் போதும். உள்ளேதான் பந்தி என்றால் ஏர்கோனை நிறுத்திவிட்டு, முன்கதவையும் பின்கதவையும் திறந்து, ஒரு காற்றாடியை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்து வைக்கலாம். வியர்க்கும்; பரவாயில்லை. வயதானவர்களுக்கும் டயாலிசிஸ்காரர்களுக்கும் முதல் பந்தியிலேயே, கதவுக்கு நேராக, இலை போட்டுவிடுங்கள்.